மாப்பிள்ளை பூட்ஸ்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு செருப்புக் கடை. மஞ்சள் பையிலிருந்து ஓர் இரும்பு வளையத்தை எடுத்து அங்கிருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தேன். குதிரைச் சேணத்தின் இரண்டு பக்கமும் கால் வைப்பதற்குத் தொங்குமே, அந்த அங்கவடி. கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோயில் நன்கொடைக்கு வந்தவர்களிடம் பேசுகிற குரலில், "மொதலாளி சாயங்காலந்தாங்க வருவாரு" என்றார்.

"நான் வசூலுக்கு வரலைங்க. இதுக்குள்ள கால வச்சா, நெனச்ச ஒடனே வெளிய வரணும். அப்படி ஒரு ஷூ காட்டுங்க."

"எல்லாரும் கால் உள்ள போகுமான்னுதாங்க கேப்பாங்க" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வருடமாக நான் போட்டுப் பார்த்துக் கழித்தவற்றை வரிசையாக வைத்தால் இன்னொரு கடை திறக்கலாம். ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, துணைக்கு ஆளில்லாமல், தினமும் குதிரையில் போய்வருவதற்கு ஏற்ற ஷூ எங்கள் மாவட்டத்தில் குதிரைக்கொம்பு. சிரிப்புக்காகச் சொல்லவில்லை, அலைந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நான் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை, பதில்கள் மட்டும் மீந்து கிடக்கின்றன. அம்மா படுத்த படுக்கையானதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நார்த்தாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். அம்மா அடுத்த வருடமே போய்விட்டார். வேலையும் இல்லை, அம்மாவும் இல்லை, நான்கு அறை வீடும் நானும் மிச்சம்.

குதிரை என்னிடம் வந்தது என் வாய்க்கொழுப்பால். எங்கள் பக்கத்தில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் உண்டு. என்னிடம் படித்த ஒருவன் பந்தயக் குதிரை வைத்திருந்தான். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் கிளம்புகிறவன் ஒருநாள் காலை அந்தச் செவலைப் பெண்குதிரையை என் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். முன்னங்கால் ஒருமுறை வீங்கி இறங்கியதால் அது இனிப் பந்தயத்துக்கு ஆகாது.

"விக்க மனசு வரல டீச்சர். நீங்க வச்சுக்கங்க. சும்மா கட்டிப் போட்டா காலு பிடிச்சுக்கிரும், தெனமும் கொஞ்சம் நடத்துனாப் போதும்."

"ஊர்ல வேற ஆளா இல்ல? ஏண்டா எங்கிட்டக் கொண்டாந்த?"

"நீங்கதான குதிரை ஓட்டுவேன்னு கிளாஸ்ல சொன்னீங்க!"

சொன்னேன். சென்னையில் உடற்கல்வி படித்தபோது தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) குதிரைப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். மழை பெய்து மைதானத்துக்குப் போக முடியாத நாட்களில் வகுப்பில் அதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். அந்தப் பெருமை இத்தனை வருடம் கழித்து வாசலில் நின்று சாணி போட்டது. என்ன செய்வது, வாங்கிக் கட்டினேன்.

வண்டி இழுத்த குதிரைக்கு முதுகில் ஆள் ஏறிப் பழக்கமில்லை. கொடைக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை விடுகிற ஒருவரிடமிருந்து பழைய சேணம் ஒன்றை வரவழைத்து, வெறும் சேணத்தோடு இரண்டு மாதம் நடத்தி, பிறகு அரிசி மூட்டையை ஏற்றி, கடைசியில் நான் ஏறினேன். அது திரும்பி என் முட்டியை மோந்து பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கறிவேப்பிலை பறிக்க வந்த பக்கத்து வீட்டு மருமகளிடம் சொன்னேன். "அப்படியா அத்தை" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையோடு போய்விட்டாள்.

திருச்சியில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லியிருக்கவே கூடாது. அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு ஃபோன் செய்வான். நான் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சாக்கா" என்று ஆரம்பித்தான். "விழுந்து கெடந்தா யாரு பாக்குறது? அந்தக் குதிரைய யார்ட்டயாச்சும் குடுத்துட்டு இங்க கெளம்பி வா. பின் ரூமு சும்மாத்தான் கெடக்கு."

அந்தப் பின் ரூம் எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அபார்ட்மெண்டின் சுவர். ஒரு கட்டில், இஸ்திரி மேஜை, ஓடாத தையல் மெஷின். விருந்தாளி வந்தால் அந்த அறையில் இருப்பவர்தான் ஹாலுக்கு வந்து பாயில் படுக்க வேண்டும். காலையில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் மாடியில் துணி எடுத்துவிட்டு, டிவி ரிமோட்டை எப்போதும் அடுத்தவர் கையில் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு நான் தயாராக இல்லை. அப்படிச் சொல்லவும் செய்தேன். அடுத்த ஞாயிறும் அவன் அதையே சொன்னான், நானும் அதையே சொன்னேன். வாரா வாரம் நடந்தது. சண்டையில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை.

ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும். கால் உடைந்து நான் படுத்தால் அவன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவான், குதிரை யாரிடமோ போகும், வீட்டுக்குப் பூட்டு. ஆகவே நான் விழக் கூடாது. குதிரை ஏறுகிற யாரும் விழாமல் இருக்க முடியாது என்பதால், விழுந்தாலும் எழுந்து நடக்கிற மாதிரி விழ வேண்டும். அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டு இழுபடுவதுதான் ஆளை முடிக்கும். அதற்குக் காலில் என்ன போடுகிறோம் என்பதுதான் முக்கியம். பக்கத்தில் ஆள் இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு ஏறலாம். எனக்கு அது கட்டுப்படியாகாது.

முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அடி முழுக்கத் தட்டை. குதிரை நடையை மாற்றும்போதெல்லாம் கால் முன்னால் வழுக்கி வளையத்துக்குள் போய்விடும். ஷூவுக்குக் குதிகால் கட்டை இருந்தால்தான் அது வளையத்தில் தட்டி நிற்கும். போதாததற்குச் சீமைக் கருவேல முள்ளுக்குக் கேன்வாஸ் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது ரப்பர் கம்பூட். கட்டுமாவடியில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள் போட்டிருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். முட்டி வரை மறைப்பு, முள் ஏறாது. என் சந்தோஷம் ஒரு நாள்தான். அதன் அகலத்துக்குக் கால் அங்கவடியில் ஆப்பாக இறுகிக்கொண்டது. இறங்கியபோது நான் தரையில் நின்றேன், பூட் சேணத்தில் தொங்கியது. ஒரு விதத்தில் நல்லதுதான். ஆனால் எப்போதும் அப்படிக் கழன்று கொடுக்கும் என்று நம்பி உயிரை விட முடியாது.

காவலர்கள் போடுகிற கறுப்பு பூட்ஸில் குதிகால் கட்டை இருந்தது. அடியில் டிராக்டர் டயர் போலப் பள்ளம் பள்ளமாக வெட்டு. அந்த வெட்டு இரும்பைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. போதாக்குறைக்கு முழம் நீளக் கயிறு, அதன் முடிச்சு ஒருநாள் சேணத்துக் கொக்கியில் மாட்டியது. பக்கத்து வீட்டு மருமகள் என் பாட்டைப் பார்த்துவிட்டு, "குதிகால் கட்டைதான அத்தை கேக்குறீங்க" என்று தன் ஹீல்ஸ் செருப்பையே கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல மனசுதான். குதிரை கல்யாண வீட்டுக்குப் போகிறது என்று நினைத்துவிட்டாள்.

கம்பூட்டுக்குப் பிறகு எதை வாங்கினாலும் குதிரை மேல் ஏறும் முன் வீட்டில் ஒரு பரீட்சை வைப்பேன். கூடத்து உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. அதில் கயிறு கட்டி, நுனியில் அங்கவடியை மாட்டி, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து காலை அதில் நுழைத்து, அப்படியே பக்கத்தில் இருக்கும் மெத்தைமேல் சரிந்து விழுவேன். கால் தானாக வெளியே வருகிறதா என்று பார்ப்பதற்கு. ஒருநாள் காலை கயிற்றை மாட்டிவிட்டு ஸ்டூல் மேல் ஏறி நின்று முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"டீச்சர்! அவசரப்படாதீங்க டீச்சர்!"

அவர் போட்ட கூச்சலில் தெருவே ஓடி வந்தது. தனியாக இருக்கிற பொம்பளை, உத்தரத்தில் கயிறு, காலடியில் ஸ்டூல். நான் அங்கவடியைக் காட்டி விளக்கியது யார் காதிலும் ஏறவில்லை. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அம்மா இறந்த பிறகு என் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தது அன்றுதான். காபி போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் குடித்துவிட்டு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டார்கள். டம்ளர்களைக் கழுவி வைக்கும்போது, இன்னும் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டிருக்கலாம் என்று தோன்றியது.

பாதத்தில் போடுவது ஒரு கதை என்றால் கால் மேல் போடுவது இன்னொரு கதை. சுடிதார் பேண்ட் காற்றில் பறந்து சேணத்து வாரில் சுற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடத்து டிராக் பேண்ட் வழுக்கும், தோல் இருக்கையில் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. ஜீன்ஸ் பிடிமானம்தான், ஆனால் அதன் உள்தையல் தொடையில் உரசி, மூன்றாம் நாள் நான் நடந்த நடையைப் பார்த்து ரேஷன் கடையில் வழி விட்டார்கள். கடைசியில் பருத்தி லெகிங்ஸ்தான் சரிப்பட்டது. அதற்குமேல் தொடை வரை தொங்கும் ஒரு பழைய சட்டை. ஊர் வாய்க்கு அது போதும்.

அதிலும் ஒரு குறை. அங்கவடி தொங்குகிற தோல் வார் கெண்டைக்கால் சதையைப் பிடித்துக் கிள்ளும். கிள்ளிய இடமெல்லாம் கன்றி நீலமாகிவிடும். கால்பந்துக்காரர்கள் கட்டும் தகடு என்னிடம் நிறைய இருந்தது, அது முன்னெலும்புக்குத்தான் காவல். கிள்ளுவது பக்கத்தில். எனவே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார் சீட் கவர் தைக்கிறவரிடம் போய், முட்டிக்குக் கீழே கணுக்கால் வரை சுற்றிப் பிடிக்கிற மாதிரி ஓர் உறை தைத்துத் தரச் சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் வெட்கம். டேப்பை என்னிடமே நீட்டினார்.

"நீங்களே அளந்து சொல்லிருங்க டீச்சர். சீட்டுன்னா நான் அளந்துருவேன்."

அளந்து சொன்னேன். ஜிப்பை உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார், அது குதிரையின் விலாவில் உரசியது. பிரித்து வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை சரியாக வந்தது. மெரூன் நிறம். ஏதோ ஒரு காரின் பின்சீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய துணி.

இவ்வளவும் ஆன பிறகுதான் மஞ்சள் பையோடு அந்தக் கீழ ராஜ வீதிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றையும் அங்கவடிக்குள் விட்டுப் பார்த்துத் தள்ளினேன். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ள முடியுமா? அவர் பொறுமையிழக்கும் நேரத்தில், மேல்தட்டில் ஒரு பளபளப்பான கறுப்பு ஜோடி கண்ணில் பட்டது. கணுக்கால் உயரம். கயிறு இல்லை, பக்கவாட்டில் எலாஸ்டிக். வழவழவென்று வெட்டில்லாத அடி. இரண்டு விரல் உயரத்துக்குக் குதிகால் கட்டை. முனை கொஞ்சம் ஒடுங்கியது.

"அது மாப்பிள்ளை பூட்ஸுங்க. ரிசப்ஷனுக்குக் கோட்டு சூட்டோட போடுறது" என்றார்.

"எடுங்க."

"மாப்பிள்ளைக்கு என்ன சைஸுங்க?"

"ஆறு."

"ஆறா? சின்னக் காலா இருக்கே. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தீங்கன்னா நல்லது."

"மாப்பிள்ளை இல்லைங்க. எனக்குத்தான். வீட்டுல குதிரை மட்டும் நிக்கிது" என்றேன்.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி ஆறாம் நம்பர் ஜோடியை எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். அங்கவடியில் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு நுழைந்தது, கட்டை தட்டி நின்றது, இழுத்தால் வெண்ணெயாக வெளியே வந்தது. பெட்டியில் தங்க எழுத்தில் மணமக்கள் படம் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஊஞ்சல் கொக்கியில் முப்பது தடவை விழுந்தேன், முப்பது தடவையும் கால் வெளியே வந்தது. ஐம்பத்தாறு வயதில் எனக்கு மாப்பிள்ளை பூட்ஸ் அமைந்துவிட்டது என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீடு மறுபடியும் அமைதியாக இருந்தது.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் நன்றாகவே போயின. விடிந்ததும் கண்மாய்க்கரை, அங்கிருந்து தைல மரக் காடு, அதைச் சுற்றிக்கொண்டு அய்யனார் கோயில் பாதை வழியாக வீடு. வழியில் ஆட்களே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் குதிரை மேல் இருக்கிறவளோடு யாரும் நின்று பேசுவதில்லை, கழுத்தை அண்ணாந்து பேச வேண்டுமே. கும்பிடு போடுகிற மாதிரி கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள். நான் குதிரையிடம் பேசுவேன். வயிற்றுப்போக்கு, மின்வெட்டு, பென்ஷன் ஆபீஸ் என்று எல்லாம் சொல்வேன். அது காதைத் திருப்பும். அதுவே பெரிய விஷயம்.

தம்பியும் அடங்கிவிட்டான். ஞாயிறு தவறாமல் ஃபோன் வரும், உடம்பைக் கேட்பான், மழையைக் கேட்பான், வைத்துவிடுவான். பின் ரூம் பேச்சை எடுப்பதே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பூட்ஸைப் பற்றி அவனிடம் விவரமாகச் சொல்லியிருந்தேன், அதைக் கேட்டுத்தான் பயம் தெளிந்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

அய்யனார் கோயில் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசை தொடங்கும் இடத்தில் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடப்பார்கள். பைக்கில் போகிறவர்கள்கூடச் செருப்பை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓட்டிப் போவதைப் பார்க்கலாம். நான் தினமும் இறங்கி, பூட்ஸைக் கழற்றி, குதிரையை நடத்திக்கொண்டு கடந்து, அந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் ஏறி மறுபடியும் சேணத்தில் உட்காருவேன்.

அன்று, முந்தின நாள் மழையில் பாதை சேறாகக் கிடந்தது. எனக்கு முட்டிவலி வேறு. இறங்கச் சோம்பல். மேலே இருந்தபடியே பூட்ஸைக் கழற்றினேன், எலாஸ்டிக் ஆனதால் சுலபமாக வந்தது. இரண்டையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டிச் சேணத்தில் தொங்கவிட்டு, வெறுங்காலை மறுபடியும் அங்கவடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒரு வருடம் ஊஞ்சல் கொக்கியில் படித்த படிப்பு சாமி முன்னால் ஒரு நிமிடத்தில் மறந்துபோயிற்று. மறக்கக்கூட இல்லை. அந்த இடத்தில் செருப்போடு போவது என்ற எண்ணமே என் தலைக்குள் நுழையாது.

மண்குதிரைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மயில் படபடவென்று எழுந்தது. குதிரை ஒரே தாவலாகப் பக்கத்தில் தாவியது. வெறுங்கால் வளையத்துக்குள் கணுக்கால் வரை போனது எனக்குத் தெரிந்தது. விழுந்தேன். முதுகு சேற்றில், இடது கால் மேலே. குதிரை இழுத்துக்கொண்டு ஓடியது. பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டு ஓடுவதுதானே அது பிறந்ததிலிருந்து செய்த வேலை, அதற்கென்ன வித்தியாசம் தெரியும்? "ஹோ! ஹோ!" என்று பந்தய வண்டிக்காரர்கள் கத்துவது போலக் கத்தினேன். அந்தச் சத்தம் அதற்குப் பழக்கம். நின்றது.

ஃபோன் சேணத்துப் பையில். எட்டவில்லை. எழுந்து வளையத்தைப் பிடிக்கவும் முடியவில்லை. குதிரை ஓர் அடி எடுத்து வைத்தாலும் கால் முறுகியது. அதனால் அதனிடம் பேசிக்கொண்டே கிடந்தேன். என் கண்ணுக்கு நேரே பூட்ஸ் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. செத்துவிடுவேன் என்று பயம் வரவில்லை. 'இனிப் பின் ரூம்தான்' என்றுதான் நினைத்தேன். தம்பி வந்து என்ன சொல்வான், நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். முகத்தில் வெயில் விழுகிற வரை கிடந்தேன். அவ்வளவு நேரம் ஒரு மனுஷக் குரல் கேட்கவில்லை.

கடைசியில் கோயில் பூசாரி மொபெட்டில் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஓடி வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து, காலை மெல்ல விடுவித்து, என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

"செருப்பு போட்டுத்தான டீச்சர் எப்பவும் வருவீங்க? இன்னைக்கு வெறுங்காலா ஏறுனீகளா?"

"சாமிக்கு முன்னால எப்படிப் போட்டுக்கிட்டுப் போறது?"

"அங்கிட்டுப் பாருங்க" என்று கையைக் காட்டினார். கோயில் முகப்பில் சிமெண்டில் கட்டிய பெரிய குதிரை, அதன்மேல் அரிவாளோடு கருப்பர். "அவரு காலப் பாருங்க டீச்சர்."

பார்த்தேன். கருப்பர் காலில் வார் வைத்த செருப்பு. கணுக்கால் வரை கட்டியிருந்தது. அடியில் குதிகால் கட்டைகூட இருந்தது.

"நடந்து போறவுகதான் கழட்டணும். குதிரையில வர்ற சாமியே கழட்டல" என்றார்.

சின்ன வயதிலிருந்து கும்பிடுகிற சாமி. முகத்தைத் தவிர வேறெதையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இதை ஊரில் யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை. குதிரையில் போகிறவர் கழற்ற வேண்டுமா என்ற கேள்வி வருவதற்கு ஊரில் யார் குதிரையில் போனார்கள்?

டவுன் ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பில் விரிசல் என்றார்கள், ஆறு வாரக் கட்டு. பேஷண்டோடு வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று நர்ஸ் பேப்பரை நீட்டினார். பூசாரி பேனாவை வாங்கிக்கொண்டு, உறவு முறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன டீச்சர் போட?"

"தெரிஞ்சவர்னு போடுங்க."

அது வியாழக்கிழமை. தம்பிக்கு நானாக ஃபோன் செய்யவில்லை. ஞாயிறு வரட்டும் என்று இருந்தேன். மூன்று நாளும் படுத்தபடியே என் வாதங்களைச் சீர்படுத்தினேன். பூசாரி குதிரைக்குத் தண்ணீர் வைக்க ஒப்புக்கொண்டுவிட்டார், பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது, கட்டு போட்ட காலை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் இருக்கும் அவன் வீட்டுக்கு ஏற முடியாது. ஒரு வக்கீல்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

பத்து மணிக்கு ஃபோன் வந்தது. நடந்ததைச் சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

"ஐயையோ. வலி இருக்கா? மாத்திரை ஒழுங்காச் சாப்டுறியா?"

"சாப்டுறேன்."

"சமையலுக்கு ஒரு ஆள வச்சுக்கக்கா. பாத்து சூதானமா இரு."

நான் காத்திருந்தேன். அவன் வீட்டு டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. 

"இதச் சாக்கா வச்சு என்னய அங்க கூப்புடாத. நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன்.

"இல்லக்கா..." என்றான். பிறகு குரலை இறக்கினான். "அந்த ரூம்ல இப்ப எங்க மாமியா இருக்காங்க. வந்து நாலு மாசமாச்சு. இனிமே இங்கதான். ஒங்கிட்டச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"அதுக்கென்ன, நல்லதாப் போச்சு. வயசான காலத்துல மககூட இருக்கட்டும். கேட்டதாச் சொல்லு" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அவனும் நிம்மதியாக வைத்துவிட்டான்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். என் குதிரை தள்ளியதோடு நின்றுவிட்டது. நாலு மாத ஞாயிறுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவன் என்னிடம் தோற்று அடங்கவில்லை, அறையில் ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அறைக்குப் போய்விடக் கூடாது என்றுதானே கடை கடையாக ஏறி இறங்கினேன், உத்தரத்தில் கயிறு கட்டி மெத்தையில் விழுந்து விழுந்து பார்த்தேன்? இனி எத்தனை தடவை விழுந்தாலும் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போக யாரும் வரப்போவதில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, இதில் அழ என்ன இருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அழுதேன். ஒரே ஒரு தடவை 'வாக்கா' என்று அவன் சொல்லியிருந்தால், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.